இரவல் தராதவர் வாங்கிய துவக்கு

அவரிடம் இரவல் கேட்டால் பொருள் வராது, அவர் வருவார்.

லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் தெருவில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாருக்கும் இது தெரியும். ஏணி கேட்டால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்து நிற்பார். கேட்டவர் ஏறவேண்டிய இடத்தில் அவர் ஏறுவார். பல்பை மாற்றிவிட்டு இறங்கி, ஏணியோடு திரும்பிப் போய்விடுவார். என் வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டு அடிப்பதற்காக ஒருநாள் ட்ரில் மெஷின் கேட்டேன். அன்று அவர் பாண் பேக்கரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நீங்கள் போய் நித்திரை கொள்ளுங்கள், மெஷினை மட்டும் தந்தால் போதும், நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துத் துளை போட்டு, தட்டை இறுக்கி, கீழே கொட்டிய செங்கல் தூளையும் கூட்டி அள்ளினார். பிறகு மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். மேசையில் வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். கஞ்சன் என்றால் தன் நித்திரையை இப்படிச் செலவழிப்பானா? ஒருமுறை முருகன் கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஸ்டேஷன் வரைக்கும் போக அவருடைய குடையைக் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவதாகவும் சொன்னாள். அவர் குடையை விரித்து அவளுக்கு மேலே பிடித்தபடி ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது பூசை முடிந்து, பிரசாதமும் முடிந்திருந்தது. இந்த மனுசனிடம் குடை கேட்டால் ஆளும் சேர்ந்தல்லவா வருகிறார் என்று கோயில் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குடையை உதறி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆள் குள்ளம். தோள்கள் மட்டும் அகலம். எண்பதுகளின் நடுவில் மனைவியோடு கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. நான் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னமே படிக்க வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சராக இருந்தேன். எங்கள் வீடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் எனக்கு அண்ணை, அவர் மனைவி அக்கா. அவருக்கு நான் எப்போதும் ரீச்சர்.

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார். உள்ளே வரச்சொன்னேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "ரீச்சர், நான் ஒரு துவக்கு வாங்கப்போறன். உங்கட உதவி வேணும்," என்றார்.

முதலில் நான் பகிடி என்று நினைத்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை. பேக்கரியில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவருடைய மைத்துனருக்கு எசெக்ஸில் தோட்டம் இருக்கிறதாம். காட்டுப்புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பயிரைத் தின்கின்றனவாம். நம்பிக்கையான ஆட்கள் வந்து சுட்டால் அந்தத் தோட்டக்காரருக்குச் சந்தோசமாம். வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் போய்வரலாம். பெரிய விலைத் துவக்குத் தேவையில்லை. ஒரு பழைய இரட்டைக்குழல் போதும். ஆனால் பொலிஸிடம் லைசன்ஸ் எடுக்கவேண்டும். அதற்கு அவரைச் சில வருடங்களாகத் தெரிந்த, உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். டொக்டர், வக்கீல், ஆசிரியர் என்று யாராவது. கடைகளுக்குப் போக ஒரு காரும் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன.

ஊரிலிருந்து துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். அன்று பின்னேரம் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் மெல்லக் கேட்டேன். ஊரிலும் ஒன்று இருந்தது, அது போய்விட்டது, அதோடு போதும் என்றுதான் தானும் நினைத்திருந்ததாகச் சொன்னார். அப்படியென்றால் நான் கையெழுத்து வைக்கவில்லை என்றேன். கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வையுங்கோ, ரீச்சர். இந்த நாட்டுக்கு வந்ததிலயிருந்து அவர் தனக்கெண்டு கேட்ட சாமான் உது ஒண்டுதான்."

சட்டம் அப்போதுதான் இறுகியிருந்தது. துவக்கைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரி இருந்தால்தான் லைசன்ஸ் கிடைக்கும். மாடிப்படிக்குக் கீழே அவரே சுவரைத் துளைத்து ஒரு அலுமாரியை இறுக்கினார். அதைப் பார்க்க ஒரு இளம் பொலிஸ்காரர் வந்தார். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். எதற்குத் துவக்கு என்று கேட்டதற்கு, புறா, கறிக்கு என்று அண்ணை தன்னுடைய இங்கிலீஷில் சொன்னார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இதை வேறு யாராவது பாவிப்பார்களா, நண்பர்கள் யாராவது கேட்டால் கொடுப்பீர்களா என்று அடுத்த கேள்வி. அண்ணையின் முகம் இறுகிவிட்டது. ஒருவரும் தொடமாட்டார்கள், மனைவிகூடத் தொடமாட்டாள், ஒருவருக்கும் ஒருநாளும் கொடுக்கமாட்டேன் என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. பொலிஸ்காரருக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துவிட்டது. அக்காவிடம் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அக்கா தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் நாங்கள் துவக்குத் தேடி அலைந்தோம். ரொம்ஃபோர்டைத் தாண்டி எசெக்ஸின் சின்னச் சின்ன ஊர்களில் அந்தக் கடைகள் இருந்தன. மணி கட்டிய கதவைத் திறந்து உள்ளே போனால் எண்ணெயும் பழைய தோலும் மணக்கும். சேலை உடுத்த பெண்ணும் குள்ளமான கறுத்த மனிதரும் வந்து துவக்கு விலை கேட்பது அந்தக் கடைக்காரர்களுக்குப் புதிது. ஒருவர் எங்களை வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்து ஸ்டேஷனுக்குப் பாதை சொன்னார்.

கடைசியில் ஒரு கடையில்தான் பொறுமையான ஆள் அகப்பட்டார். வயதானவர். மூக்குக்கண்ணாடியை ஒரு நூலில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அண்ணைக்கு வேண்டியது என்ன என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டார். குழல் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கவேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது வேண்டாம். விசையும் இரண்டு வேண்டும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று. பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் மூன்றை எடுத்து மேசையில் பச்சைத் துணியின்மேல் வைத்தார்.

முதலாவது ரஷ்யாவில் செய்தது. விலை மலிவு, உடையவே உடையாது என்றார். அண்ணை தூக்கிப் பார்த்துவிட்டு உலக்கை மாதிரி இருக்கிறது என்று எனக்கு மட்டும் சொன்னார். இரண்டாவது பேர்மிங்ஹாமில் செய்த பழைய துவக்கு. அதன் குழல் முழுவதும் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோடுகள், ஈர மணலில் அலை போன பிறகு இருக்குமே, அப்படி. அண்ணை அதைக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கினார். பிறகு கண்ணைத் திறந்தார். அப்படியே நின்றார். துவக்கு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற முறை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டில் பார்த்த முகம் அந்தக் கணத்தில் வேறு யாருடையதோ போல இளமையாக இருந்தது என்பதுதான்.

விலையும் அவர் கைக்கு எட்டியதாகவே இருந்தது. கடைக்காரர்தான் தலையை ஆட்டினார். அந்தக் குழல்கள் இரும்பை முறுக்கிச் செய்த பழங்காலத்துச் சாமான். இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் வெடித்துப் பிளக்கலாம். இடது கையின் விரல்கள் போய்விடும். சுவரில் அழகுக்கு மாட்டத்தான் அதை விற்பதாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். தன்னிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது, அது ஒருநாளும் பிளக்கவில்லை என்றார் அண்ணை. அதையும் இங்கிலீஷில் சொன்னேன். கடைக்காரர் அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மூன்றாவது ஸ்பெயினில் செய்தது. அலங்காரம் ஒன்றும் இல்லாத, யாரோ நன்றாகப் பாவித்த சாமான். அண்ணை குழல்களை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தார். வெளிப்பக்கம் நசுங்கல் இருக்கிறதா என்று பெருவிரலால் தடவினார். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் காதருகே ஆட்டி, மூட்டில் ஏதாவது தளர்ந்து சத்தம் போடுகிறதா என்று கேட்டார். எல்லாம் சரி. பிறகு வெற்றுத் தோட்டா போட்டு விசைகளை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். வலது விசையை ஒருமுறைதான் இழுத்தார். இடது விசையைத் திரும்பத் திரும்ப இழுத்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். லேசாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். லேசாகத்தான் இருந்தது. அப்படியும் மனம் ஆறாமல் இன்னொருமுறை இழுத்தார்.

அதையே வாங்கினார். அடிக்கட்டை அவருடைய கைக்கு நீளம். கடைக்காரர் அளவெடுத்து, அடுத்த கிழமை கொஞ்சம் அறுத்துக் குறைத்துத் தந்தார். காரின் பின்பெட்டியில் வைக்க நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று விலக்கிவிட்டுத் தானே வைத்தார்.

புறா வரத் தொடங்கியது. ஊரில் வீட்டுப் புறாவை மட்டும் கண்ட எங்களுக்கு அந்தக் காட்டுப்புறா ஒரு சின்னக் கோழி மாதிரி. அண்ணை தோல் உரித்துச் சுத்தமாக்கி, கடதாசியில் சுற்றி, தெருவில் வீட்டுக்கு இரண்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். கஞ்சன் என்று சொன்னவர்களும் மிளகுத்தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டார்கள். ஈயக் குண்டுச் சன்னம் பல்லில் கடிபடும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் மறக்காமல் சொல்லுவார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். அவர் வழக்கமாகப் போகிற பஸ் ஓடாத நாள் அது. கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டார். வேலியோரமாக அவர் நின்றார். நான் காருக்குள் இருந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். நிலத்தில் மேய்ந்த பறவைகளை அவர் சுடவில்லை. எழும்பிப் பறந்தவற்றில்தான் வெடி வைத்தார், அதுவும் எப்போதாவதுதான். ஒரு வெடிக்குப் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் ஆளையும் காணவில்லை. இறங்கித் தேடிக்கொண்டு போனேன். வாய்க்காலுக்கு அப்பால் முட்பற்றைக்குள் முழங்காலில் இருந்தார். கை முழுக்கக் கீறி இரத்தம். அடிபட்ட புறா ஒன்று உள்ளே போய்விட்டதாம். விடுங்கள் அண்ணை, குளிருகிறது, ஒரு புறாதானே என்றேன். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அதைக் கண்டுபிடித்து, கழுத்தைத் திருகி, மற்றவற்றோடு வைத்தார். பிறகு வந்த வழியே நடந்து, தான் சுட்ட வெற்றுத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் பொறுக்கினார்.

வரம்பில் உட்கார்ந்தார். துவக்கை மடித்துத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டார். ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

ஊரில் அவருடைய துவக்கு மாமனாரிடமிருந்து வந்தது. குளத்தில் நீர்க்கோழி, காட்டுத்தாரா சுடுவார். ஒரு நாள் பகலில் இயக்கப் பெடியள் மூன்று பேர் வந்தார்கள். வீடு வீடாக லைசன்ஸ் துவக்குகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அக்கா மோர் கொடுத்தார், குடித்தார்கள். அவர் துவக்கையும் இருந்த தோட்டாக்களையும் எடுத்துக் கொடுத்தார். இரவல்தான் அண்ணை, பிறகு கொண்டுவந்து தருவம் என்றான் ஒருவன்.

"அவங்கள் வாசல் படலைக்குப் போயிட்டாங்கள். நான் பின்னால போய்ச் சொன்னனான், ரீச்சர். தம்பி, இடப்பக்க விசை கொஞ்சம் இறுக்கம், ரெண்டு விரல் வைச்சு இழுக்கவேணும் எண்டு. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. நானாத்தான் சொல்லிக் குடுத்தனான்."

சில கிழமைகள் கழித்து ஒரு காலையில் சந்தியில் லைட் போஸ்ற்றில் ஒரு மனிதரைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அண்ணையின் சிநேகிதர். ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் முதல் இரண்டு பறவை அந்த வீட்டுக்குத்தான் போகும்; அந்த வீட்டிலிருந்து கறியாகத் திரும்பி வரும். காட்டிக்கொடுத்தவர் என்று எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஆள் இல்லை அவர் என்று ஊர் முழுக்கத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடம்பு முழுக்க வேட்டைத் துவக்குச் சன்னம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"ஊரில கனபேர் வீட்டில எடுத்தவை. என்ர துவக்காத்தான் இருக்கவேணும் எண்டில்லை," என்றார். வெற்றுத் தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டபடி, "இல்லையெண்டும் இல்லை," என்றார்.

அப்படியிருக்க ஏன் திரும்பவும் ஒரு துவக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்கக்கூடாதோ என்று பட்டது. அவர் திறந்திருந்த குழல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது என்ன செய்தது எண்டு எனக்குத் தெரியாது. இது என்ன செய்யுது எண்டு தெரியும். ஒவ்வொரு வெடியும் எங்க போகுதெண்டு தெரியும்."

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் இரவல் கேட்டதில்லை. வந்து செய்து தாருங்கள் என்றே கேட்டேன். வந்து செய்து தந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மனேஜரின் மனைவி லண்டனுக்கு வந்து சேர்ந்தார். வெஸ்ட் ஈலிங்கில் இருந்த அவருடைய தம்பி கூப்பிட்டு எடுத்திருந்தார். அங்குள்ள அம்மன் கோயிலில் தற்செயலாகக் கண்டுவிட்டு அக்காதான் வந்து சொன்னார். அன்று அண்ணை வேலைக்குப் போகவில்லை. அடுத்த சில நாட்களும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னார். ஒரு ஞாயிறு என்னிடம் வந்து, ஈலிங்குக்குக் கொண்டுபோய் விடமுடியுமா என்று கேட்டார். போகும்போது என்ன கொண்டுபோவது என்று பெரிய குழப்பம். ஊரில் என்றால் பறவை கொண்டுபோயிருப்பார். அக்கா அப்பிளும் முந்திரிகைப்பழமும் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, தான் வரவில்லை என்று வீட்டில் இருந்துவிட்டார்.

அந்த அம்மா மெலிந்த உருவம். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற கார்டிகன் போட்டிருந்தார். அண்ணையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அக்காவைப் பற்றி விசாரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தம்பியின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த டிவியை நிறுத்தி அவர்களை மேலே அனுப்பினார். அண்ணை கோப்பையைத் தொடவில்லை. குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். துவக்கைக் கொடுத்தது, படலை வரைக்கும் போய் விசையைப் பற்றிச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. இத்தனை வருடமாக அதுதான் தன்னைத் தின்கிறது என்றார்.

அவர் சொல்லி முடித்தபிறகுதான் அந்த அம்மா பேசினார்.

"எந்தத் துவக்கு எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை," என்றார். "எல்லார் வீட்டிலயும்தான் எடுத்தவை. வந்து கேட்டா ஆர் இல்லை எண்டு சொல்லுறது? அது எனக்கு விளங்கும்."

அண்ணையின் தோள்கள் இறங்கின. அவர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"செத்தவீட்டுக்குத்தான் நீங்கள் வரேல்லை."

குரலை உயர்த்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை. பாடை தூக்க ஆக்கள் இல்லை. என்ர தம்பியும் பக்கத்து ஊர் வண்டில்காரனும்தான் கொண்டுபோனவை. நான் படலையில நிண்டு உங்கட வீட்டு ஒழுங்கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். வேற ஆர் வராட்டிலும் நீங்கள் வருவியள் எண்டு."

"பயந்துபோனன்," என்றார் அண்ணை.

"ஓம். தெரியும்," என்றார் அந்த அம்மா. தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ என்று கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணை எடுத்துக் குடித்தார்.

திரும்பி வந்து வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அண்ணை பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்தார்.

"இவ்வளவு காலமும் பிழையான இடத்தில தேடியிருக்கிறன், ரீச்சர்."

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அந்த வருடத்திலிருந்து அண்ணை செத்தவீடுகளுக்குப் போகத் தொடங்கினார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கவில்லை. அந்த நாட்களில் தனியாக வந்த இளம் பெடியன்கள் பலர் லண்டனில் இருந்தார்கள். வருத்தம் வந்து, விபத்தில், சிலர் தங்கள் கையாலேயே செத்தார்கள். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருப்பார்கள், வரமுடியாது. கோயிலிலோ தமிழ்க் கடையிலோ ஒரு செய்தி காதில் விழுந்தால் அண்ணை பேக்கரியில் லீவு சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெட்டியைத் தூக்க இங்கே அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கறுத்த கோட் போட்டு வருவார்கள். அவர்களிடம் போய்த் தானும் தோள் கொடுக்கலாமா என்று கேட்பார். குள்ளம் என்பதால் பெட்டி அவர் பக்கம் சரியும். அதற்காக ஒரு துவாய்த் துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொள்ளப் பழகினார்.

சட்டன் என்ற இடத்தில் ஒரு பெடியன். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவன். காய்ச்சல் என்று படுத்தவன் எழும்பவில்லை. நான்தான் அண்ணையைக் கொண்டுபோனேன். சுடலை மண்டபத்தில் அவனோடு அறையில் இருந்த இரண்டு பேர், வாடகை வீட்டுக்காரர், ஐயர். வேறு ஒருவரும் இல்லை. கிரியை செய்ய உரித்துள்ளவர் யார் என்று ஐயர் கேட்டார். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணை கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு முன்னால் போனார். பிள்ளை இல்லாத மனிதர், முகம் தெரியாத ஒருவனுக்கு வாய்க்கரிசி போட்டார். பெட்டியை மறைத்துத் திரை மூடும்வரை கும்பிட்ட கையை எடுக்கவில்லை. அவனுடைய தாய்க்கு ஊருக்குப் போன் போட்டு, குறையில்லாமல் எல்லாம் நடந்தது என்று சொல்லவேண்டும் என்று திரும்பி வரும்போது சொன்னார். எப்படியோ பிடித்துச் சொல்லியும் விட்டார்.

அக்கா முதலில் சினந்தார். மாதத்தில் இரண்டு முறை செத்தவீட்டுத் துடக்கோடு வீட்டுக்கு வந்தால் எப்படி என்றார். பிறகு அவரும் வாசலில் ஒரு வாளி தண்ணீரை வைத்துவிட்டு இருக்கப் பழகிக்கொண்டார்.

புறா வருவது குறைந்தது. பிறகு நின்றது. லைசன்ஸைப் புதுப்பிக்கிற காலம் வந்தபோது அவர் கையெழுத்துக்கு என்னிடம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை துவக்கை அதே கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் இன்னும் கூனிப்போயிருந்தார். திறந்து, உள்ளே பார்த்து, நன்றாக வைத்திருக்கிறீர்கள், இதில் என்ன பிழை கண்டீர்கள் என்று கேட்டார். பிழை ஒன்றும் இல்லை, நல்ல துவக்கு என்று சொல்லுங்கோ ரீச்சர் என்றார் அண்ணை. சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலுமாரியில் அக்கா அரிசிமாவும் மிளகாய்த்தூளும் வைக்கத் தொடங்கினார்.

வெஸ்ட் ஈலிங் அம்மா ஒருநாளும் மனோர் பார்க்குக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் அண்ணை போன் எடுப்பார். சுகம் விசாரிப்பார்கள். அவ்வளவுதான்.

அண்ணை பேக்கரியில்தான் விழுந்தார். ஷிப்ட் முடிந்து, கையைக் கழுவிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

மனோர் பார்க் சுடலையில் அந்த மண்டபம் சின்னது இல்லை. ஆனாலும் அன்று அது கொள்ளவில்லை. எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. பேக்கரியிலிருந்து வெள்ளைக்காரரும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் யார் என்று அக்காவுக்கே தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துச் சொன்னார்கள். என்னுடைய தம்பியைத் தூக்கினவர். என்னுடைய அறைக்காரனுக்கு வந்து நின்றவர். எங்கள் அப்பாவுக்கு யார் என்றே தெரியாமல் கடைசிவரை இருந்தவர். சட்டன் பெடியனின் அறையில் இருந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கல்யாணமாகி, மனைவியோடு வந்திருந்தான். கறுத்த கோட் போட்டவர்கள் பெட்டியைத் தொட இடமில்லாமல் ஒதுங்கி நின்றார்கள். வெளியே மழையில் குடை பிடித்தபடி ஒரு கூட்டம்.

அந்த அம்மா தனியாக வந்திருந்தார். ஈலிங்கிலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி வந்திருக்கவேண்டும். கார்டிகனின் தோள் நனைந்திருந்தது. நான் எழுந்து அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கிரியை நடந்துகொண்டிருந்தபோது ஒருமுறை திரும்பி, வாசலில் நெருக்கிக்கொண்டு நின்ற சனத்தையும் அதற்கு அப்பால் மழையில் நின்றவர்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல சனம் வந்திருக்கு," என்றார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். தூரம் போகவேண்டியவர் ஆயிற்றே என்று அவரிடம் போய், காரில் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவர் மூடிய திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"நீங்கள் போங்கோ, பிள்ளை. நான் கடைசியாப் போறன்."